எல்லோரும் யானை செய்த வாரம்

‘நம்பிக்கையோடு இரு’ என்று யாராவது சொன்னால் மிளகாய்க்குக் காதில் புகை வரும். அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் எல்லாம் வயிறு நிறைந்தவர்கள் என்பது அவளுடைய கட்சி. கல்லூரியில் இடம் கேட்டுப் போனபோது சொன்னார்கள். வேலைக்கு அலைந்தபோதும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஒரு கை கொடுத்ததில்லை. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டம் வந்த பிறகாவது கோபம் குறையும் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். எங்கே குறைந்தது? காரணங்களோடு பேசக் கற்றுக்கொண்டது. அண்ணி அவளுக்கு மிளகாய் என்று பேர் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்டவளுக்கு அப்படி ஒரு அண்ணி. பால் திரிந்தால் ‘ஏதாவது இனிப்பு கிளறலாம்’ என்பாள். பஸ் போய்விட்டால் ‘நல்லதாப் போச்சு, நடந்தா உடம்புக்கு நல்லது’ என்பாள். மிளகாய் ஒரு நாள் கேட்டே விட்டாள்: “அண்ணி, நீங்க பிறந்தப்போ அழுதீங்களா, இல்ல அதையும் சிரிச்சே சமாளிச்சீங்களா?”

“எங்கம்மாவைத்தான் கேக்கணும்,” என்று அண்ணி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அந்த அண்ணி நடத்துவதுதான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தன் கையால் எதையாவது செய்கிறவர்கள் அதைத் தாங்களே கொண்டு வந்து விற்கலாம். எங்கோ வாங்கி வந்து இங்கே விற்கிற கதை மட்டும் நடக்காது. அந்த விஷயத்தில் அண்ணி பொல்லாதவள். இடம், எப்போதோ ஓட்டத்தை நிறுத்திவிட்ட ஓர் ஐஸ் ஃபேக்டரி. உயரமான கூரை, உப்புப் பூத்த சுவர், தரை நெடுகத் தண்ணீர் ஓடிய வாய்க்கால். ஐஸ் உறைய வைக்கும் தகர அச்சுகள் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அண்ணி அவற்றைக் கவிழ்த்துப் போட்டு மேலே பலகை வைத்தாள், மேசை ஆயிற்று. சனிக்கிழமை தோறும் வாய்க்காலில் இறங்கி அழுக்கை வாருவாள். சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, யாருக்கு எந்தக் கட்டம் என்று எழுதுவாள். கூரையில் புறாக்கள் இருந்ததால் துணி விற்கிறவர்களுக்கு ஓரத்துக் கட்டம், சட்டி பானை விற்கிறவர்களுக்கு நடுக்கட்டம். இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை.

ஆட்களை அவள் கண்டுபிடிக்கிற விதமே தனி. பஸ்ஸிலோ கடையிலோ எதிரில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். விரலில் ஊசி குத்திய தழும்பு இருந்தால் பேச்சுக் கொடுப்பாள். நகக்கண்ணில் பசை ஒட்டியிருந்தால் வீடு வரைக்கும் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் இப்படி மாட்டியவர்கள்தான்.

மழை கொட்டிய ஞாயிறு ஒன்றில் வாங்குவதற்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அண்ணி கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டு, “இன்னிக்கு நமக்கு நேரம் கிடைச்சிருக்கு. ஒருத்தர் வேலைய ஒருத்தர் நிதானமா பாப்போம்” என்றாள். தச்சர் சோப்பு செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டார். மிளகாய் குடையை உதறி, “கப்பல் முழுகுறப்போ நீச்சல் கிளாஸ் நடத்துறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் வாராவாரம் வருவாள். திட்டிக்கொண்டே பலகை தூக்குவாள்.

ஃபேக்டரிக்குச் சொந்தக்காரரை ஊரே ஐஸ்காரர் என்றுதான் சொல்லும். ஐஸ் போய் எவ்வளவோ காலமாகியும் பேர் கரையவில்லை. சும்மா கிடக்கிற இடம்தானே என்று சாவியைக் கொடுத்து வைத்திருந்தார். இப்போது மெத்தை வியாபாரி ஒருவர் கிடங்குக்கு இடம் கேட்டு அவர் வீட்டு வாசலில் நின்றார். ஐஸ்காரர் அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏம்மா, உங்க சந்தைய வெளியில இருந்து பாத்திருக்கேன். எல்லாம் அலமாரியில வெச்சுத் தூசு தட்டுற சாமான். வர்ற ஞாயிறு உள்ள வந்து பாக்கறேன். எனக்குன்னு தேவைப்படுற ஒரு பொருள், ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நீங்களே இருந்துக்குங்க. இல்லன்னா மெத்தைக்காரன்கிட்ட சாவி போயிடும். என்ன?”

“கண்டிப்பா இருக்கும் சார்,” என்றாள் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் மிளகாய் பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு பெரிய துணிக்கடையில் கணக்குப் பிரிவில் இருந்தாள். அங்கே தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மேனேஜரிடம் அண்ணிக்காகப் பேசி வைத்துப் பல நாள் ஆகியிருந்தது.

“உக்காந்து பாக்குற வேலை. நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு. வாய்க்கால்ல இறங்கி அழுக்கு வார வேண்டாம். அந்த ஆளுக்கு ஒண்ணும் தேவையில்ல அண்ணி. எல்லாம் இருக்கிறவருக்கு என்ன தேவைப்படும்? உங்களை மரியாதையா வெளிய அனுப்ப ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கார்.”

“இடம் போச்சுன்னா திங்கட்கிழமையே உன்கூட வந்து சேந்துக்கறேன்.”

“இப்படித்தான் சொல்லுவீங்க. அப்புறம் மரத்தடியில கட்டம் போடுவீங்க.”

“சொன்னா சொன்னதுதான்டி. இதுக்கு மேல நடத்த எனக்கும் தெம்பு இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியம் மிளகாய்க்குப் பிடிக்கவில்லை. அண்ணியின் வாயில் அப்படி ஒன்று வந்து அவள் கேட்டதே இல்லை.

அன்றே அண்ணி சந்தைக்காரர்களின் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். ஐஸ்காரர் வருகிறார், உங்கள் திறமையைக் காட்டுங்கள் என்று சொன்னாள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பயமுறுத்தியே முடிக்கக் கூடாதென்று ஒரு நல்ல சேதியையும் சேர்த்தாள்: “போன வாரம் நம்ம பொம்மைக்காரியோட துணி யானை அத்தனையும் வித்துப்போச்சு! ஒரு அம்மா திரும்பி வந்து இன்னும் யானை இருக்கான்னு கேட்டுட்டு ஏமாந்து போனாங்க!”

இந்தச் சந்தைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாரம் முழுக்க என்ன செய்கிறோம் என்று ஒருவருக்கொருவர் மூச்சு விட மாட்டார்கள். சொன்னால் அடுத்த மேசைக்காரர் முந்திக்கொள்வார் என்ற பயம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், ‘ஏதோ, பழைய மாதிரிதான்’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மூடி வைத்த துணியை விலக்கும்போதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்தது குரோஷா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர், மிச்ச நேரமெல்லாம் கையில் ஊசியும் நூலும்தான். பையைத் திறந்து, சாம்பல் நூலில் பின்னிய யானைகளை வரிசையாக நிறுத்திவிட்டு மிளகாயைப் பார்த்துக் கண்ணடித்தார். “யாரும் எதிர்பாத்திருக்க மாட்டாங்க இல்ல?”

அடுத்தது தச்சர். பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்தார். மர யானைகள். சக்கரம் வைத்தவை, தும்பிக்கையைத் தூக்கியவை, தாயும் குட்டியுமாக ஒரு ஜோடி. டீச்சரின் மேசையைப் பார்த்தவர் துணியைத் திரும்பவும் மூடினார்.

சோப்பு அக்கா எலுமிச்சை வாசனையில் யானை வார்த்துக் கொண்டுவந்திருந்தாள். தோல்பை அண்ணன் கொண்டுவந்தது என்ன மிருகம் என்று உடனே சொல்ல முடியவில்லை.

“பன்னியா?” என்று கேட்டாள் மிளகாய்.

“யானைம்மா. தும்பிக்கை ஒட்டறதுக்குள்ள பசை தீந்துபோச்சு.”

கடைசியாகப் பொம்மைக்காரி வந்தாள். எல்லா மேசைகளையும் பார்த்து வாயைப் பிளந்தாள். அவள் பையில் இருந்தவை முயல்கள். “எனக்கு யானை அலுத்துப்போச்சு,” என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

கவிழ்த்து வைத்த தகர அச்சு மேல் அண்ணி தொப்பென்று உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“சிரிப்பு வருதா உங்களுக்கு?” மிளகாயின் குரல் கூரை வரைக்கும் போய்ப் புறாக்களைக் கிளப்பியது. “அந்த ஆள் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவார். வயசான மனுஷனுக்கு யானை தேவைப்படுமா? விளையாடவா?”

“பின்ன, அழவா சொல்ற? இங்க வா. தச்சரோட யானைக்குக் கண்ணு எப்படி அமைஞ்சிருக்குன்னு பாரு. மரத்துல இருந்த கணுவையே கண்ணா வெச்சிருக்கார். இதை யாருடி யோசிப்பா?”

மிளகாய் பார்த்தாள். உண்மைதான், அழகாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

ஐஸ்காரரின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஆளாளுக்குத் துணியை எடுத்து யானைகளின் மேல் போர்த்தினார்கள். ஃபேக்டரி முழுக்கச் சின்னச் சின்ன முட்டாக்குகள். டீச்சரின் மேசையில் மட்டும் ஒரு தும்பிக்கை துணிக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கையைப் பின்னால் கட்டிய நடை. அண்ணி எதிரில் போய், நேற்றெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சை ஆரம்பித்தாள். இங்கே வருகிறவர்கள் யார் யார், எங்கெங்கே என்ன வேலை செய்துகொண்டே இதையும் செய்கிறார்கள், இந்த இடம் அவர்களுக்கு என்னவாக இருக்கிறது. நல்ல பேச்சு. ஐஸ்காரர் தலையை ஆட்டியபடியே அண்ணியைத் தாண்டிப் போய், முதல் மேசையின் துணியைத் தூக்கினார்.

யானை.

அடுத்த மேசை. யானை. அதற்கடுத்ததில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். எலுமிச்சை யானை. தோல்பை அண்ணனின் மேசையில் வெகுநேரம் நின்றார்.

“என்னம்மா இதெல்லாம்?”

“சார், அது வந்து...” என்று அண்ணி ஆரம்பித்தாள்.

“ஆங்?”

“இந்த வாரம் எல்லாருமா சேந்து...”

“ஆங்? சத்தமா சொல்லு.”

அப்போதுதான் மிளகாய்க்கு உறைத்தது. இவ்வளவு நேரம் அண்ணி பேசிய பேச்சில் ஒரு சொல்லும் இந்த மனிதர் காதில் விழவில்லை. அவள் முன்னால் வந்தாள். முழுத் தொண்டையில் கத்தினாள்.

“யானை சார்! எல்லாம் யானை! ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்காம எல்லாரும் ஒரே யானையச் செஞ்சு கொண்டுவந்திருக்காங்க! உங்களுக்குத் தேவைப்படுற சாமான் இங்க ஒண்ணும் இல்ல! எங்க முட்டாள்தனம்! போதுமா?”

எதிரொலி அடங்கும் வரை எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஐஸ்காரர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு யானை வேண்டாம்.” கதவுப் பக்கம் திரும்பினார்.

முடிந்தது என்று மிளகாய் நினைத்தாள். அவள் ஆசைப்பட்டதும் இதற்குத்தானே? நாற்காலி, ஃபேன், திங்கட்கிழமை. ஆனால் அவள் கண் அண்ணியைத் தேடியது.

அண்ணி அவர் பின்னால் போகவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடக்கும்போது அவருடைய வலது கை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஏதோ விழுந்துவிடுமோ என்கிற மாதிரி. மெல்லிய துணிக்குள் கொக்கி போல ஒன்று தெரிந்தது. அண்ணி விறுவிறுவென்று போய் அவர் காதருகில் குனிந்தாள்.

“சார், காது மெஷினை ஏன் பையில வெச்சிருக்கீங்க?”

ஐஸ்காரர் முகம் சுருங்கிப்போயிற்று. “நிக்க மாட்டேங்குதும்மா. குனிஞ்சா விழுது. கண்ணாடியக் கழட்டினா கூடவே வந்துடுது. அன்னிக்குச் சாக்கடையில விழப் பாத்துச்சு. என் பையன் அனுப்பினது. தொலைச்சேன்னு வெச்சுக்கோ, அவன்கிட்டப் பேச்சு வாங்கி முடியாது. அதான் பத்திரமா பையில வெச்சுட்டேன்.”

“பையில வெச்சா கேக்குமா?”

“கேக்காதுதான்.”

“குடுங்க அதை.”

அதன் பிறகு நடந்ததை மிளகாய் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் அவள் குரல் மாறிவிடும். அண்ணி அந்த மெஷினை உள்ளங்கையில் வைத்து, டீச்சரின் மேசையில் இருந்த யானைகளை முழங்கையால் ஒதுக்கினாள். “எல்லாரும் இங்க வாங்க.” ஐந்து பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். வாரம் முழுக்க ஒருவருக்கொருவர் மறைத்தவர்கள், இப்போது பக்கத்தில் நிற்பவரின் கையைத் தள்ளிவிட்டுப் பேசினார்கள்.

“மேல ஒரு சட்டை மாதிரி பின்னிடலாம். நூல் பிடிப்புக்கு வழுக்காது,” என்றார் டீச்சர்.

“நூல் வேர்வையில ஊறிடும். தோல்ல ஒரு வளையம் போட்டுக் கண்ணாடிக் கம்பியோட சேத்துட்டா?” என்றார் தோல்பை அண்ணன்.

“கண்ணாடியக் கழட்டினா வந்துடும்னுதானே அவர் அழறார். உங்க காதை முதல்ல சரி பண்ணணும்,” என்றாள் பொம்மைக்காரி.

“கழட்டினாலும் கீழ விழக் கூடாது. அவ்வளவுதானே? சட்டைக் கழுத்துப்பட்டியில மாட்டுற மாதிரி ஒரு கயிறு விடுங்க,” என்றார் தச்சர். “மாட்டுறதுக்கு நான் ஒரு கட்டை செஞ்சு தரேன்.”

சண்டை பிடித்தபடியே வேலை நடந்தது. டீச்சரின் ஊசி நெல்மணி அளவு கண்ணிகளாகப் போட்டு மெஷினுக்கு ஒரு உறையைப் பின்னியது. தோல்பை அண்ணன் தும்பிக்கைக்கென்று வெட்டி வைத்த மெல்லிய தோலில் ஒரு வளையம் அறுத்தார். தச்சர் உளியால் ஒரு சின்னக் கவ்வியைச் செதுக்கி, சட்டை கிழியாமல் இருக்க அதன் முனையை உப்புத்தாளில் தேய்த்தார். பொம்மைக்காரி எல்லாவற்றையும் கயிற்றில் சேர்த்துத் தைத்தாள். சோப்பு அக்காவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவள் ஐஸ்காரருக்கு நாற்காலி போட்டாள்.

மாட்டினார்கள். ஐஸ்காரர் தலையை ஆட்டினார், குனிந்தார், கண்ணாடியைக் கழற்றினார். மெஷின் அசையவில்லை. “ஆனா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது,” என்றார்.

எல்லோர் முகமும் தொங்கியது. மிளகாய் மெஷினை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போனில் அதன் படத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். “டீச்சர், இந்த ரெண்டு பொடி ஓட்டை இருக்கு பாருங்க. சத்தம் உள்ள போற வாசலே அதுதான். அதைப் போய் மூடிட்டீங்க.”

“அட, ஆமா!” டீச்சர் பின்னியதை அவிழ்த்தார். முகம் சுளிக்காமல், முதலிலிருந்து போட்டார். அந்தப் பொறுமையை, எதிரில் கைகட்டி நின்று அடுத்தவர் செய்வதை மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களை, அவர்களுக்கு நடுவில் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணியை மிளகாய் பார்த்தாள். அண்ணி இன்னும் முடியாத அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையின் கதி என்ன ஆகும் என்கிற நினைப்பு அவள் முகத்தில் துளிகூட இல்லை. இந்த மனிதருக்குக் காது கேட்க வேண்டும். அது ஒன்றுதான் இருந்தது. மிளகாய்க்குத் தெரிந்த மேனேஜர்கள், அதிகாரிகள், பேராசிரியர்கள் யார் முகத்திலும் இப்படி ஒரு கவனத்தை அவள் கண்டதில்லை.

இரண்டாம் முறை மாட்டினார்கள். ஐஸ்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன, பேசவே மாட்டேங்கிறார்?” என்று சோப்பு அக்கா பொம்மைக்காரியின் காதில் கிசுகிசுத்தாள். “சரியான கஞ்சன்.”

“கஞ்சன் இல்லம்மா,” என்றார் ஐஸ்காரர், திரும்பாமலே. “கணக்கா இருப்பேன்.”

தோல்பை அண்ணன் கைதட்ட ஆரம்பித்தார். சோப்பு அக்கா மேசைக்கடியில் போகாத குறை. ஐஸ்காரர் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையில் புறா முனகுவதை அண்ணாந்து கேட்டார். பிறகு விலை கேட்டுக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிப் போனார். சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“கேளுங்க அண்ணி! ஓடிப் போய்க் கேளுங்க!”

“செஞ்சு குடுத்த கையோட கேட்டா அது பேரம் ஆயிடும்டி.” அண்ணி தரையில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் மிளகாய் எழுந்து வந்தபோது அண்ணி தயாராக இருந்தாள். இஸ்திரி போட்ட துணி, படிய வாரிய தலை, சாப்பாட்டு டப்பா. ஐஸ்காரரிடமிருந்து சேதி இல்லை. சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அண்ணி துணிக்கடைக்குக் கிளம்பி நின்றாள். எத்தனை நாளாக மிளகாய் மன்றாடிய காட்சி இது! இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. பறவையைப் பிடித்துச் சீருடை மாட்டிய மாதிரி இருந்தது.

“இன்னும் ஒரு நாள் பாக்கலாமே,” என்றாள் மிளகாய், செருப்பைத் தேடுகிற பாவனையில்.

“நீயா பேசற?” அண்ணி சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. “வா, பஸ் போயிடும்.”

“போனா போகட்டும். நடந்தா உடம்புக்கு நல்லது.”

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அண்ணியின் போன் அடித்தது. ஐஸ்காரர் போனில் பேசினால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் கேட்கலாம். அவ்வளவு சத்தம்.

“ஏம்மா! என்ன வேலை செஞ்சு குடுத்திருக்கீங்க? அந்தக் கட்டை கழுத்துப்பட்டியில இடிக்குது! தலையத் திருப்பினா கயிறு இழுக்குது! ராத்திரி டிவி பாக்க முடியல!”

“எந்தப் பக்கம் சார் இடிக்குது? இடதா, வலதா?” அண்ணியின் முதுகு நிமிர்ந்தது.

“இடது! ஞாயித்துக்கிழமை வரேன், அந்தத் தச்சரை இருக்கச் சொல்லு, சரி பண்ணித் தரணும்! என் சிநேகிதர் ஒருத்தரும் வரார், அவருக்கும் இதே தொல்லை!”

மிளகாய் போனைப் பிடுங்கினாள். “சார், அப்ப மெத்தைக்காரர்?”

“எந்த மெத்தைக்காரன்? கழுத்துல இடிக்குதுன்னு சொல்லிட்டிருக்கேன், நீ மெத்தைங்கற. அவன் வேற இடம் பாத்துக்குவான். யாரு, நேத்துக் கத்தின பொண்ணா? இனிமே அவ்வளவு கத்த வேண்டாம், எனக்கு நல்லா கேக்குது!”

மிளகாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ் வந்து நின்றது. அவள் மட்டும் ஏறினாள். மேனேஜரிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். ‘அண்ணி வர மாட்டாங்க, வேற ஆளைப் பாருங்க’ என்று நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான். அவர் காரணம் கேட்பார். கேட்டால் சொல்ல ஒரு வாய் போதாது.

ஜன்னல் வழியே பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவை ஆட்டிக்கொண்டு அண்ணி எதிர்த்திசையில், தச்சரின் பட்டறை இருக்கிற தெருப்பக்கமாக, ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தாள்.